டொச் பரீட்சை: இந்தப் பேப்பர் யாருடைய மேசைக்குப் போகுது?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சின்னக் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், இவைதான் என் பிழைப்பு. ஒரு நாள் விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு சான்றிதழை லமினேட் பண்ணக் கொண்டுவந்தாள். தங்க நிறக் கரை, நடுவில் பெரிய எழுத்தில் “ஜேர்மன் மொழி ஏ1”, கீழே ஒரு ரப்பர் முத்திரை. கலியாணம் எழுதியாயிற்று, மாப்பிள்ளை டோர்ட்மண்டில். “அண்ணா, இதோட எம்பசிக்குப் போகலாம்தானே?” என்று கேட்டாள்.

போக முடியாது. அது அவள் நாலு மாதம் படித்த வகுப்பு தானே அடித்துக் கொடுத்த பேப்பர். வகுப்புக்கு வந்தாள், பாடத்தை முடித்தாள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வெளியார் வைத்த பரீட்சை எதையும் அவள் எழுதவே இல்லை. வகுப்புக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல ஏலாது. “சேர்ட்டிபிக்கற் தருவம்” என்றார்கள், தந்தார்கள். எந்தச் சேர்ட்டிபிக்கற் என்று கேட்க அவளுக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டொச் (ஜேர்மன் மொழி) பரீட்சைக்குப் பதிய வருகிற எல்லாரிடமும் நான் முதல் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பேப்பர் யாருடைய மேசைக்குப் போகுது? எந்தப் பரீட்சை சுகம், எது மலிவு, எங்கே கெதியாக டேட் கிடைக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எம்பசி மேசைக்கு ஒரு கணக்கு, பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்று, ஆஸ்பத்திரி முதலாளிக்கு வேறொன்று. ஒரு மேசைக்கு எடுத்த பேப்பரை இன்னொரு மேசையில் பார்க்காமலும் விடுவார்கள்.

அளவுகோலைப் பற்றி இரண்டு வரி. மொழி எவ்வளவு தெரியும் என்று அளக்கிற, அடியில் ஏ1 தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, உச்சியில் சி2 என்கிற ஆறு படிகளும் ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட பொது வரையறையில் இருந்து வந்தவை. பிரெஞ்சுக்கும் இதே படிகள்தான், இத்தாலியனுக்கும் இதேதான். (டொச்சில் இவற்றை “ஆ ஐன்ஸ்”, “பே ஐன்ஸ்” என்று வாசிப்பார்கள். “ஏ வன்” என்று சொன்னால் கொஞ்சம் முழிப்பார்கள்.) கோத்தே இன்ஸ்டிடியூட் சொல்லும் கணக்குப்படி ஏ1 க்கு 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை வேண்டும். பி1 க்கு 350 முதல் 650. பி2 க்கு 600 முதல் 800. சொற்களும் அப்படித்தான் ஏறும். ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொல், ஏ2 இல் 1300, பி1 இல் 2400 அளவில். “மூன்று மாதத்தில் பி2” என்று லைட் போஸ்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை இந்த எண்களோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி ஒன்றுதான் என்றாலும் பரீட்சை வைக்கிற கடைகள் பல. மியூனிக்கைத் தலைமையாகக் கொண்ட கோத்தே இன்ஸ்டிடியூட் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம், கொழும்பு 7 கிறகரிஸ் வீதியில் இருக்கிறது. பிராங்க்பர்ட்டில் இருந்து நடத்தப்படுவது டெல்க். ஒஸ்ரியாக்காரருடையது ஓ.எஸ்.டி. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கென்று டெஸ்ட்டாஃப் தனியாக. ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்திலேயே வைக்கும் டி.எஸ்.எச். இன்னொன்று. இவை எல்லாம் உண்மையான பரீட்சைகள், எதுவும் மற்றதைவிடத் தாழ்ந்தது என்றில்லை. மேசைதான் வித்தியாசம்.

சரி, வன்னியில் இருந்து அதிகம் பேர் போகிற வழிக்கு வருவோம். கலியாணம்.

ஜேர்மனியில் இருக்கிற கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர், விசாவுக்கு முன்பே ஏ1 அளவு டொச் தெரியும் என்று காட்டவேண்டும். 2007 ஓகஸ்டில் வந்த சட்டம் இது. துணை ஜேர்மன் பிரஜை ஆனாலும் விடாது. ஏ1 போதும். பி1 எடுத்துக்கொண்டு போனால் விசா கெதியாகக் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விசா சட்டம் கேட்பது ஏ1 தான். அங்கே போன பிறகு 600 பாடவேளை கொண்ட ஒருங்கிணைப்பு மொழி வகுப்பு இருக்கிறது, பி1 ஐ அதில் எட்டலாம். பிரஜாவுரிமைக்குப் பி1 வேண்டும். 2024 யூனில் இருந்து சாதாரணமாக ஐந்து வருடம் வாழ்ந்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அது பிறகு பார்க்கவேண்டிய கதை.

விதிவிலக்குகளைப் பற்றி ஊரில் யாரும் கதைப்பதில்லை, ஆனால் சில குடும்பங்களுக்கு முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. துணையிடம் உயர் தகைமை வேலையாட்களுக்கான வதிவிட அனுமதியான ஐரோப்பிய நீல அட்டை இருந்தால் ஏ1 தேவையில்லை. துணை பிரெஞ்சு பாஸ்போட்டோ டச்சு பாஸ்போட்டோ வைத்துக்கொண்டு ஜேர்மனியில் வேலை செய்தால், அவர் ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை என்ற வகையில் வருகிறார், அப்போதும் ஏ1 கேட்க மாட்டார்கள். எங்கள் ஆட்களில் பாரிஸ் லாச்சப்பலில் இருந்து பிரெஞ்சு பாஸ்போட் எடுத்துவிட்டு எல்லை தாண்டி ஜேர்மனியில் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கட்டிய பிள்ளை ஒன்றரை வருடம் ஏ1 வகுப்புக்கு அலைந்தால் அது வீண் அலைச்சல்.

நோய், இயலாமை காரணமாகப் படிக்கவே முடியாதவர்களுக்கும் விலக்கு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: ஜேர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2012 இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜேர்மன் பிரஜையின் துணை, ஒரு வருடம் நியாயமாக முயன்றும் மொழியைக் கற்க முடியாமல் போனால், அல்லது அந்த முயற்சியே அவருக்குச் சாத்தியப்படாத சூழலில் இருந்தால், ஏ1 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதுதான் அது. பிறகு சட்டத்திலும் இதற்கு இடம் வைத்தார்கள். இதைக் கேட்டதும் “அப்ப படிக்கத் தேவையில்லை” என்று சந்தோஷப்பட வேண்டாம். முயன்றதற்கு அத்தாட்சி வேண்டும். வகுப்புப் பற்றுச்சீட்டு, பரீட்சை எழுதித் தவறிய பெறுபேறு, டொக்டர் கடிதம், ஒன்றையும் எறியாமல் ஒரு பைலில் போட்டு வையுங்கள். நான் லமினேட் பண்ண மறுக்கிற பேப்பர்கள் அவை, ஒரிஜினலாகவே கிடக்கட்டும்.

ஒஸ்ரியாவுக்கும் 2011 யூலையில் இருந்து இதேபோல ஏ1 வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: விண்ணப்பம் கொடுக்கிற நாளில் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. கலியாண எழுத்து இழுபட்டு, போலீஸ் ரிப்போட் இழுபட்டு, கடைசியில் ஏ1 பேப்பர் காலாவதியானால் திரும்பவும் கொழும்பு பஸ் ஏறவேண்டியதுதான். பரீட்சையை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைத் தேடாமல், மற்றவை கைக்கு வருகிற காலத்தோடு பொருந்த எழுதுங்கள்.

சுவிஸ் விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடுவது. சுவிஸ் என்றாலே டொச் என்று நினைத்து வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை இருப்பது லொசான் என்றால் அங்கே பிரெஞ்சு, லுகானோ என்றால் இத்தாலியன். 2019 இல் இருந்து, பி அல்லது சி என்கிற சுவிஸ் வதிவிட அனுமதி வைத்திருப்பவரிடம் போகிற துணை, அந்த வதிவிடத்தில் பேசுகிற மொழியில் ஏ1 அளவு கதைக்கத் தெரியும் என்று காட்டவேண்டும். எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதுவும் இல்லாவிட்டால், அப்படியொரு வகுப்பில் பதிந்த அத்தாட்சி காட்டினாலும் போதும். சூரிச், பேர்ண் பக்கம் என்றால் டொச். அங்கே தெருவில் கேட்பது சுவிஸ் டொச் என்பது வேறு கதை, போன முதல் கிழமை காது அடைத்தது போல இருக்கும் என்கிறார்கள்.

ஏ1 பரீட்சையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கோத்தேயில் கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பிறகு சிலர் சேர்ந்து உட்காரும் வாய்ப் பரீட்சை. மொத்தம் 100 புள்ளி, 60 எடுத்தால் சித்தி. எழுத்தில் ஒரு படிவம் நிரப்பவேண்டும், சுமார் முப்பது சொல்லில் ஒரு சின்னச் செய்தி எழுதவேண்டும். கேட்டலில் இரண்டு பகுதியை இரண்டு தரம் போடுவார்கள், நடுவில் உள்ள ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியான பகுதியை ஒரே தரம்தான். அங்கேதான் எண்கள் விழுத்தும். டொச்சில் 53 ஐ “மூன்றும் ஐம்பதும்” என்று சொல்வார்கள். “டிரை உன்ட்...” என்று கேட்டதும் கை 3 ஐ எழுதிவிடும், ஐம்பது வருகிறபோது இடம் இருக்காது. வாய்ப் பரீட்சையில் போன் நம்பர் கேட்டால் இந்தத் தலைகீழ்ச் சிக்கல் வேண்டாம், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிவிடலாம்.

பிறகு பெயர். வாய்ப் பரீட்சையில் உங்களை அறிமுகம் செய்தபின் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்லுவார்கள், பெரும்பாலும் பெயரைத்தான். ஜேர்மன்காரப் பிள்ளைக்கு நாலெழுத்துப் பெயர், எங்கள் பிள்ளைக்குத் தகப்பனின் பெயர் பதினான்கு எழுத்து. பாஸ்போட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பதால் அதையே கூட்டவேண்டி வரும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கில எழுத்துக்கள் இங்கே எதிரிகள். ஆங்கில ஈ ஐ டொச்சில் ஏ என்பார்கள், ஆங்கில ஏ ஐ ஆ என்பார்கள், ஆங்கில ஐ ஐ ஈ என்பார்கள். விஜயகுமார் என்று கூட்டப்போன பிள்ளை “வீ, ஐ, ஜே, ஏ” என்று தொடங்கினால் பரீட்சகர் காதில் விழுவது வேறு ஒரு பெயர். “ஃபௌ, ஈ, யோட், ஆ, யுப்ஸிலோன், ஆ, கா, ஊ, எம், ஆ, எர்.” இதை மனப்பாடம் பண்ணாமல் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டவேண்டாம் என்று நான் சொல்லுவது வழக்கம்.

ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு டொச்சில் ஒரு இலவச வசதி இருக்கிறது. ஆங்கிலம் வழியாகவே சொல்லித்தருகிற வகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை. “வைல்”, அதாவது “ஏனென்றால்”, வந்தால் டொச் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். “வைல் மைன் மன் இன் கோல்ன் வோன்ட்”: ஏனென்றால் என்ர அவர் கோல்னில் இருக்கிறார். “வோன்ட்” கடைசியில், “இருக்கிறார்” கடைசியில். ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிக்கிற பிள்ளை வினையைத் தூக்கித் தூக்கி இடம் மாற்றிக் களைக்கிறது. தமிழில் இருந்து நேரே போகிற பிள்ளைக்கு அது வீட்டு முற்றம் மாதிரி. உச்சரிப்பில் மட்டும் தமிழ் உதவாது. ப, ட, க இவற்றில் எங்களுக்கு எழுத்து ஒன்றுதான், டொச்சுக்கு இரண்டு இரண்டு. “பாஸ்” என்று நாங்கள் எழுதினால் பாஸ்போட்டா பாட்டின் அடிக்குரலா என்று டொச்காரருக்குத் தெரியாது.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் போவதென்றால் பொதுவாகப் பி1. தாதியாகத் தகுதியை அங்கீகரிக்கப் பெரும்பாலான மாநிலங்கள் பி2 கேட்கும். டொக்டர் என்றால் பொது மொழியில் பி2, அதற்கு மேல் சி1 அளவில் மருத்துவ மொழிப் பரீட்சை வேறு. 2024 யூன் 1 இல் இருந்து நடைமுறையில் உள்ள வாய்ப்பு அட்டையில் வேலை தேடிப் போகலாம். இரண்டு வருடத் தொழிற்தகைமையோ பட்டமோ அடிப்படை, மொழியில் ஆகக் குறைந்தது டொச் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2. பிறகு ஆறு புள்ளி சேர்க்கவேண்டும். அதில் டொச் ஏ2 க்கு ஒரு புள்ளி, பி1 க்கு இரண்டு, பி2 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று. அறிவியல்நகரில் பொறியியல் முடித்த பெடியன் ஒருவன் என்னிடம் “ஆங்கிலம் இருக்கு, டொச் எதுக்கு?” என்றான். நீல அட்டைக்கு அவன் சொல்வது சரி, அதற்கு மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் வேலை தருகிற சின்னக் கம்பனிக்காரர் விசா அதிகாரி இல்லையே. அவர் மேசையில் ஐந்து பேர் டொச்சில் கதைக்கிறார்கள், அவர்களோடு இவன் எப்படி வேலை செய்வான்?

பி1 க்கு மேல் போகிறவர்களுக்கு, வன்னியில் இருந்து யோசித்தால், நான் பார்க்கிற முக்கிய விஷயம் மொடியூல், அதாவது துண்டு துண்டாக எழுதுகிற முறை. ஏ1, ஏ2 இல் கேட்டலில் சறுக்கினாலும் முழுப் பரீட்சையையும் திரும்ப எழுதவேண்டும். கோத்தேயின் பி1 பரீட்சை 2013 இல் இருந்து வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நாலு தனித்தனித் துண்டு. ஒவ்வொன்றும் 100 க்கு, 60 எடுத்தால் அந்தத் துண்டு சித்தி. கோத்தேயும் ஓ.எஸ்.டி. யும் சுவிஸின் பிரிபூர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உண்டாக்கியது அது. பி2 வும் 2019 இல் அந்த வடிவத்துக்கு வந்தது, சி1 2024 இல். விட்ட துண்டை மட்டும் திரும்ப எழுதலாம். கொழும்பில் இருக்கிறவருக்கு இது சின்ன வசதி. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணப்பட்டு, தங்கக் காசு கொடுத்து எழுதுகிற முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இது பெரிய மிச்சம். துண்டு துண்டாக எடுத்த பேப்பர்களைச் சேர்த்து ஏற்பார்களா என்பதை மட்டும், வாங்கப்போகிற இடத்தில் முதலே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

படிக்கப் போகிறவர்கள் கடைசியாக. எம்.எஸ்ஸி. ஆங்கிலத்தில் செய்வதென்றால் பல இடங்களில் டொச் சான்றிதழே கேட்கமாட்டார்கள். முதல் பட்டம் பெரும்பாலும் டொச்சில்தான். அதற்கு டெஸ்ட்டாஃப்பில் நாலு பகுதியிலும் நாலாம் நிலை, அல்லது டி.எஸ்.எச். இரண்டாம் நிலை, அல்லது டெல்க்கின் சி1 உயர்கல்விப் பரீட்சை, இவை வழமையான கதவுகள். கோத்தேயின் சி2 ஐ எல்லாரும் ஏற்பார்கள். சி1 ஐச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் ஏற்காது, அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும். டி.எஸ்.எச். அங்கே போய்த்தான் எழுதலாம், இங்கிருந்து அதை நம்பித் திட்டம் போட முடியாது. அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் எடுப்பதில்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் 2017 இல் இருந்து எங்களைப் போன்றவர்களிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ எடுக்கிறது. மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கவிடுகிற வங்கிக் கணக்கு) காட்டவேண்டிய தொகை 2024 செப்டெம்பரில் இருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. பரீட்சைக் காசை எண்ணிக் கவலைப்படுகிற வீட்டுக்கு முதலில் இந்தத் தொகையைச் சொல்லிவிடுவது நியாயம். டொச் சி1 எடுத்த பிறகு அது தெரியவந்து, காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடிய தகப்பனைப் பார்த்திருக்கிறேன்.

போலிச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. “பரீட்சை எழுதாமல் ஏ1” என்று வாட்சப்பில் வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் இலக்கத்தை வைத்து எம்பசி சரிபார்க்கலாம், நேர்முகத்தில் டொச்சில் இரண்டு கேள்வி கேட்டாலே போதும், வேஷம் கலையும். காசும் போய், அந்த வருடமும் போய், பெயரில் கறுப்பும் விழும்.

விசுவமடுப் பிள்ளை பிறகு வந்தாள், இந்த முறை உண்மையான பரீட்சைக்குப் பதிய. பாஸ்போட்டை விரித்து வைத்தோம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள், அழித்துத் தகப்பன் பெயரைப் போடவைத்தேன். பாஸ்போட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல். அவளின் தகப்பன் பெயரில் ஒரு எச் இருக்கிறது. ஐடென்ரிகார்டில் அது இல்லை, பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. பதிவுக்குக் கொடுத்த ஆவணத்தைத்தான் பரீட்சை நாள் வாசலில் காட்டவேண்டும் என்பதால் பாஸ்போட்டையே கொடுத்தோம்.

இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே பரீட்சை மண்டபத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள். பதினொரு மணிக்குக் கேட்டல் வருகிறபோது தூங்கி விழுவாய் என்றேன். கடைசியில் ஒரு நாள் முன்னால் போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினாள். “சித்தி வீட்டில ஃபேன் சத்தத்தோட படுத்து ட்சே, டே, ஏ, எஃப் எண்டு சொல்லிக்கொண்டே நித்திரை கொண்டன் அண்ணா” என்று பெறுபேறு வந்த அன்று போனில் சொன்னாள். 71 புள்ளி. அந்தப் பேப்பரை லமினேட் பண்ணவில்லை.